எலிகளுக்கான பிடிவலு மானி: முன்னங்காலுக்கு அருமை, பின்னங்காலுக்கு அல்ல

நச்சினால் நரம்பு பட்டுப்போவதைப் பார்க்கும் ஆய்வுகளில் எலிகளைக் கையில் பிடித்து அளவெடுப்பவள் நான். அக்ரிலமைடு என்ற நரம்பு நச்சைப் பற்றிய ஓர் ஆய்வு முழுக்க, எலியின் பாதப் பிடி எவ்வளவு வலுவானது என்று அளக்கும் இந்தப் பிடிவலு மானியோடுதான் இருந்தேன்.

எலி மானியின் கம்பியைப் பற்றியதும் வாலடியைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். பாதம் விடுபடும்போது பதிவான உச்ச விசை திரையில் அப்படியே நிற்கும். வாரம் ஒருமுறை 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தேன், ஒருநாளும் பிசகவில்லை. முன்னங்கால் அளவை தாராளமாக நம்பலாம். ஆனால் இழுக்கும் கை மாறக் கூடாது. வேகமாக இழுத்தால் எண்ணும் மாறும்.

சிக்கல் பின்னங்காலில். எனக்கு முக்கியமே அதுதான். அக்ரிலமைடு நீளமான நரம்பிழைகளின் கடைக்கோடியைத்தான் முதலில் தாக்கும்; தளர்ச்சியும் பின்னங்காலில்தான் முதலில் தெரியும். கருவியோடு வந்த பின்னங்கால் கம்பியோ வழவழவென்று இருக்கிறது. மூன்றாம் வாரம் ஓர் எலி விரல்களை விரித்து அதன்மேல் வைத்தது. மடக்கப் பார்த்தது, முடியவில்லை, பாதம் சறுக்கிவிட்டது. வலுவில்லாமல் விட்டதா, வழுக்கி விட்டதா? அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சொரசொரப்பான கம்பிவலையை முதல் நாளிலிருந்தே மாட்டிவிடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது.

இன்னொன்று. வலு குறைந்தது நரம்பாலா, இரை எடுக்காமல் உடம்பு இளைத்ததாலா என்று கருவி சொல்லாது. உடல் எடையையும் கூடவே குறித்து வையுங்கள். கடைசியில் கெண்டைக்கால் தசையை எடைபோட்டு, நுண்ணோக்கி ஸ்லைடிலும் பார்த்தாக வேண்டும். நரம்புத் தொடர்பு அறுந்த தசையிழைகள் சுருங்கி, கோணல் மூலைகளோடு தெரியும். ஆர்கனோபாஸ்பேட்டால் (பல பூச்சிக்கொல்லிகளில் இருக்கும் பாஸ்பரஸ் சேர்மவகை) வரும் தாமத நரம்புச் சிதைவைப் பார்ப்பவர்களுக்கு எலிகளுக்கான இந்த மானி தேவைப்படாது. அதற்குக் கோழியைத்தான் வைப்பார்கள்.

இத்தனை குறை சொல்லியும் இதை வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடையில் தள்ளாட்டம் என் கண்ணில் படும் முன்பே எண் இறங்கத் தொடங்கிவிட்டது. எலி பின்னங்காலை இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயை எட்ட முடியாமல் கிடக்கும் வரை விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முன்பே வகுத்த எல்லையை எண் தொட்ட அன்றே நச்சை நிறுத்தினோம். சில வாரம் கழித்து, சறுக்கிய அதே எலி வலையில் விரலை மடக்கிப் பிடித்தது. அந்த எண்ணை நானே எழுதினேன்.