மின்கம்பம் வராத வீட்டுக்கு டியூப்லரா, லித்தியமா?

தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் என்றதும் கண்முன் வருவது, கூடத்து மூலையில் டிராலியில் உட்கார்ந்திருக்கும் டியூப்லர் எனும் ஈய அமில பேட்டரிதான். 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் ஊர் ஊராகப் பரவிய அந்தப் பேட்டரி பல வீடுகளில் ஐந்தாறு ஆண்டுகள் குறையின்றி உழைத்ததால், தோட்டத்து வீட்டுக்குத் தாமே சூரிய மின்னமைப்பு போட நினைப்பவர்களும் அதில் நான்கை வாங்கி சீரிஸாக இணைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் மின்வாரிய இணைப்புள்ள வீட்டில் அந்தப் பேட்டரி பெரும்பாலான நேரம் முழுச் சார்ஜில் சும்மா இருக்கிறது. கரண்ட் போனால்தான் அதற்கு வேலை. இணைப்பே இல்லாத வீட்டிலோ அது ஒவ்வோர் இரவும் இறங்குகிறது, மறுநாள் முழுதாக ஏறுமா என்பது வெயிலைப் பொறுத்தது. முதல் வேலையில் நல்ல பெயர் எடுத்த பேட்டரி இரண்டாவது வேலைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒப்பிடுவதற்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சிறிய பிரிட்ஜ், மூன்று மின்விசிறி, விளக்குகள், டிவி, காலையில் சற்று நேரம் மிக்சி என்று நாளுக்கு 3 யூனிட் செலவாகிறது. அதில் ஏறத்தாழ 2 யூனிட் பொழுது சாய்ந்த பிறகு தேவைப்படுவது. 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) டியூப்லர் நான்கைச் சேர்த்தால் பெயரளவில் 7.2 யூனிட் வரும்; பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் கைக்குக் கிடைப்பது 3.6. 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றின் அளவு 5.12 யூனிட், அதில் 80 சதவீதம் எடுத்தாலே 4.1 கிடைத்துவிடுகிறது. லேபிளில் சிறியதாகத் தெரிவது பயன்பாட்டில் பெரியதாக இருக்கிறது. டியூப்லர் வாங்குபவர் அந்த 150 என்ற எண் சி10 அளவிலா, சி20 அளவிலா என்பதையும் பார்க்க வேண்டும். இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு, பத்து மணி நேரத்தில் எடுக்கும்போது கிடைக்காது.

இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூர்மையாகத் தெரியும். 150 ஏ.ஹெச். டியூப்லருக்கு 15 முதல் 20 ஆம்பியர் வரை கொடுப்பதே முறை. பாதி இறங்கிய பேட்டரி இந்த வேகத்தில் 80 சதவீதத்தைத் தொட மூன்று மணி நேரம் வேண்டும். அதற்குப் பிறகு, பேனல் எவ்வளவு கொடுத்தாலும் அது வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே வருவதால், மீதி இருபது சதவீதம் நிரம்ப இன்னும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நல்ல வெயில் நாளில் இது ஒருவாறு நடந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் வானத்தில் நடக்காது. அரைகுறையாக ஏறி, மீண்டும் இறங்கி, மறுபடியும் அரைகுறையாக ஏறும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு நிரந்தரமாகவே குறைந்துபோகும். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்த்தால், 1.240 அளவில் நிற்க வேண்டிய மிதவை ஒரு செல்லில் 1.200-க்கும் கீழே தொங்குவதைக் காணலாம். அப்போது கைவசம் இருப்பது மின்னழுத்தத்தை உயர்த்தி எல்லா செல்லையும் சமமாக நிரப்பும் ஈக்வலைஸ் வழிதான். அதற்கும் வெயில் வேண்டும். லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 100 ஏ.ஹெச். பேட்டரி 50 ஆம்பியரைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும், பாதியில் நின்றாலும் அதற்குக் கேடில்லை, உள்ளே போனதில் சுமார் 95 சதவீதம் திரும்பி வரும். டியூப்லரில் 80 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. பேனல் குறைவாக வைத்திருப்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே லித்தியத்தின் பக்கம் சாயலாம்.

வெப்பம் இரண்டுக்குமே பகைதான் என்றாலும் ஈய அமில பேட்டரியை அது கடுமையாகத் தண்டிக்கிறது: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்துவிட்டு உத்தரவாதக் காலத்தைக் கணக்கிடுவதில் பொருளில்லை.

லித்தியம் கேட்கும் கவனம் வேறு வகையானது. 3.2 வோல்ட் செல்கள் 16-ஐத் தனித்தனியாக வாங்கித் தாமே கோப்பவர்கள், முதலில் எல்லாவற்றையும் பேரலலாக இணைத்து 3.65 வோல்ட் வரை ஏற்றிச் சமன் செய்த பிறகே சீரிஸாகக் கோக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு செல் முன்கூட்டியே உச்சத்தைத் தொட்டு, செல்களைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும். மின்னழுத்தத்தைப் பார்த்துச் சார்ஜ் அளவை மதிப்பிடும் பழக்கமும் இங்கே உதவாது: பெரும்பகுதியில் அது அசையாமல் நிற்பதால் ஷன்ட் வைத்து உள்ளே வெளியே போகும் கரண்டை அளப்பதே வழி. வழக்கமான ஹோம் யு.பி.எஸ். 12 வோல்ட்டுக்கு 10.5, அதாவது 48 வோல்ட்டுக்கு 42 வரை இறக்கிவிட்டுத்தான் அணையும். அது டியூப்லரையே பாதிக்குக் கீழே வெகுதூரம் இறக்கிவிடும். 16 செல் லித்தியத்தில் செல்லுக்கு 2.6 வோல்ட்தான் மிஞ்சும். 48 வோல்ட்டில் நிறுத்தும்படியும், ஏற்றும் உச்சம் 56 வோல்ட்டை ஒட்டி இருக்கும்படியும், ஈக்வலைஸ் அறவே அணைந்திருக்கும்படியும் மாற்ற முடியாத இன்வெர்ட்டரோடு லித்தியத்தை இணைக்கக்கூடாது. விலையைப் பொறுத்தவரை முதல் நாளில் டியூப்லர்தான் மலிவு. ஆனால் நாளுக்கு ஒரு முறை பாதி இறக்கினால் அது ஆயிரத்துச் சொச்சம் சுழற்சிகளில் ஓய்ந்துவிடும், லித்தியத்துக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது மூவாயிரத்துக்கும் மேல்.

இன்வெர்ட்டரிலும் இரண்டு கட்சிகள் உண்டு. செம்புச் சுருள் டிரான்ஸ்பார்மர் வைத்த கனமான வகை, தன் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமையைச் சில வினாடிகள் தாங்கும். இலேசான ஹை பிரீக்வன்சி வகை அடக்கமானது, விலையும் குறைவு. ஆனால் அது தரும் இரு மடங்கு சக்தி பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குத்தான். பிரிட்ஜுக்கு அது போதும். கிணற்று மோட்டாருக்குப் போதாது: 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 1,100 வாட் அளவில் இழுத்தாலும், கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். இந்த ஒரு மோட்டாருக்காக 5 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இன்வெர்ட்டர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 50 வாட் தின்றால் நாளுக்கு 1.2 யூனிட் போகிறது. 3 யூனிட் வீட்டில் அது சிறு தொகையன்று. மோட்டாரை நேரடிச் சூரிய பம்ப்பாகத் தனியே பிரித்துவிட்டு, வீட்டுக்கு அளவான இன்வெர்ட்டர் வைப்பதே மேல். பேனல் வாங்குமுன் இன்வெர்ட்டரின் ஸ்பெசிபிகேஷன் தாளில் இந்தச் சும்மா செலவைத் தேடிப் பார்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அதை அச்சிடுவதே இல்லை.

எந்த பேட்டரியானாலும் 12 வோல்ட்டில் அமைப்பதைத் தவிர்க்கலாம். 3,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 250 ஆம்பியர், 48 வோல்ட்டில் 62.5, அதே கேபிளில் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. பேட்டரி முனையிலிருந்து புறப்படும் கேபிளில் டி.சி. பியூஸ் கட்டாயம்; லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் என்பதால் கிளாஸ் டி (Class T) பியூஸே பாதுகாப்பு. வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை இங்கே மாட்டினால், டி.சி. கரண்ட் ஏ.சி.யைப் போல அடிக்கடி பூஜ்யத்தைத் தொடாததால் தீப்பொறி தானாக அணைவதில்லை என்பதால், அது திறந்த பின்னும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டரை முதன்முறை இணைக்கும்போது அதன் கெப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பில் நிரம்பி கேபிள் நுனியிலுள்ள லக்கில் பளீரென்று பொறி தட்டும், செம்பில் கருத்த குழி விழும். ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில வினாடி முன்சார்ஜ் கொடுத்த பிறகே முனையை முடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் வெளியீட்டில் நியூட்ரலை எர்த்துடன் ஓரிடத்தில் இணைக்காமல் விட்டால், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை எவ்வளவு விலைகொடுத்து மாட்டினாலும் ஷாக் அடிக்கும்போது அது விழாது. அந்த இணைப்பு உள்ளேயே இருக்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டிய இடம் இது.

இருந்தும் டியூப்லருக்கு இடமுண்டு. வார இறுதியில் மட்டும் ஆள் வரும் பண்ணை வீட்டில், மற்ற நாட்களில் பேனல் அதை நிதானமாக நிரப்பி வைக்கும். மாதம் ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒருவர் இருந்தால் போதும், பழுதானால் பக்கத்து டவுனிலேயே மாற்றிக்கொள்ளலாம், பழையதை எடைக்குப் போட்டு ஒரு தொகையும் வாங்கலாம். உதகைப் பக்கம் கணக்கு இன்னும் சற்று மாறும். உறைபனி விழும் மார்கழி, தை விடியலில் செல்லின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் லித்தியத்தை ஏற்றக்கூடாது என்பதால் அதை வீட்டுக்குள் வைக்க வேண்டும். டியூப்லரோ ஏறும்போது ஹைட்ரஜன் விடுவதால் காற்றோட்டமுள்ள வெளித் திண்ணையில்தான் இருக்க வேண்டும். எதை வாங்குவது என்று அங்கே முடிவெடுக்கும்முன் எங்கே வைப்பது என்பதை அளந்து பார்த்துவிடுவது நல்லது.