சாம்பிராணி போட்ட வீடு: துபாயில் வாடகைக்கு இடம் பார்க்கிறவர்களுக்கு

துபாயில் வேலை கிடைத்து, குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்று வீடு தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீடு வாடகைக்கு விடுவதாகச் சொன்ன ஒருவரிடம் ஏமாந்து எனக்குப் போனது 6,850 திர்ஹாம், ஊர்க் காசில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதைவிட வயிற்றெரிச்சல், ஏப்ரலில் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டிய என் மகள் ஆகஸ்ட் கடைசியில்தான் சேர முடிந்தது.

2025 ஜனவரி இரண்டாம் வாரம் வந்து இறங்கினேன். ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில், இங்கே ஜாஃப்ஸா என்பார்கள், ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. கம்பெனி பதினைந்து நாள் ஹோட்டலில் தங்க வைத்தது. அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும்.

முறையாக வீடு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கணக்குப் போட்டேன். இங்கே மாத வாடகை வழக்கம் குறைவு. வருஷ ஒப்பந்தம், அதை இரண்டு, நான்கு, ஆறு என்று செக்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு 55,000 திர்ஹாம் வாடகையை நான்கு செக்காகப் பிரித்தால் முதல் செக் 13,750. பர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு டெபாசிட் ஐந்து சதவீதம். ஏஜென்ட் கமிஷன் இன்னொரு ஐந்து. கரண்டுக்கும் தண்ணீருக்கும் தேவாவில், அதாவது துபாய் மின்சார, நீர் ஆணையத்தில், 2,000 டெபாசிட். எல்லாம் சேர்த்தால் சாவி கைக்கு வருமுன்னே இருபத்தோராயிரத்தைத் தாண்டுகிறது. அது போக, செக் புத்தகம் வேண்டுமே! எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டை வந்து, வங்கிக் கணக்கு திறந்து, அப்புறம்தான் செக் புத்தகம். வந்த முதல் மாதத்தில் யாரிடமும் அது இருக்காது. என்னை ஏமாற்றியவர் போன்றவர்கள் பிழைப்பதே இந்த முதல் மாதத்தை நம்பித்தான்.

ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பதிவு வந்தது. இன்டர்நேஷனல் சிட்டியில் ஒரு பெட்ரூம் வீடு, குடும்பத்துக்கு மட்டும், மாதம் 4,200, கமிஷன் கிடையாது, செக் தேவையில்லை. போன் செய்தேன். "தம்பி, நம்ம பக்கமா? திருச்சியில எங்க?" என்றார். உறையூர் என்றேன். அவருக்கு அங்கே சொந்தக்காரர்களே இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் சந்தேகப்படவில்லை என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இன்டர்நேஷனல் சிட்டி, அல் வர்சானில், டிராகன் மார்ட் என்ற கடைத்தொகுதியை ஒட்டி இருக்கும் பெரிய குடியிருப்பு. சீனா, பிரான்ஸ், இங்கிலாந்து, பெர்ஷியா, மொராக்கோ என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாட்டின் பெயர். அந்தப் பகுதிகளில் பெரும்பாலும் நாலு மாடிக் கட்டடங்கள். வாடகை மற்ற இடங்களை விடக் குறைவு என்பதால் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே நிம்மதியாக வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு, ஊரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மெட்ரோ கிடையாது. புளூ லைன் அந்த வழியாக வருகிறது, 2029இல் முடிப்பதாகத் திட்டம். இன்னொன்று, பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். இது துபாயில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். அவரே காரில் வந்து ஏற்றிக்கொண்டார். கதவைத் திறந்ததும் கம்மென்று சாம்பிராணி வாசனை. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. சமையல் மேடையில் ஒரு தட்டில் கரித்துண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. "சனிக்கிழமை ஆச்சே தம்பி, பெருமாளுக்குப் போட்டேன்" என்றார். ஆள் குடியில்லாத காலி வீட்டில் எந்தப் பெருமாள் என்று அப்போது தோன்றவில்லை. நல்ல பக்தியான மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

குடியேறிய மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து ஜன்னலைத் திறந்தேன். காற்று திரும்பியிருந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல வேண்டாம். ஊரில் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து வைத்திருக்கும் தெருவில் நடந்திருந்தால் போதும். தினமும் இல்லை, எல்லா நேரமும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "குளிர் மாசத்துல ராத்திரில வரும் தம்பி, பழகிடும்" என்றார். அவர்கள் ஏழு வருஷமாக இருக்கிறார்கள், மூக்கு பழகிவிட்டது. என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு.

அடுத்தது தூரம். அன்றைக்குக் காரில் திரும்பும்போது, "ஷேக் முகமது பின் ஸாயித் ரோட்ல ஏறினா நேரா ஜெபல் அலி, முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார். சனிக்கிழமை மத்தியானம் அது உண்மைதான். துபாயில் 2022 முதல் சனி, ஞாயிறுதான் விடுமுறை, அன்றைக்கு ரோடு காலியாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் நான் செய்தது இது: பஸ் பிடித்து ராஷிதியா மெட்ரோ நிலையம், இப்போது அதற்கு சென்டர்பாயின்ட் என்று பெயர். அங்கிருந்து ரெட் லைனில் ஏறக்குறைய இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பிறகு இன்னொரு பஸ். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் தாண்டியது. பத்து நாளில் அலுத்துப்போய் மாதம் 600 திர்ஹாமுக்கு ஒரு கார் லிஃப்ட், அதாவது பலரைச் சேர்த்து ஏற்றிப் போகும் கார், பிடித்தேன். அதன் டிரைவர் காலை ஐந்தே முக்காலுக்கு ஹாரன் அடிப்பார். வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போயிற்று.

பிற்பாடு தெரிந்தது, எங்கள் கம்பெனிக்கே ஒரு பஸ் ஓடுகிறது. அது டிஸ்கவரி கார்டன்ஸ் வழியாக வருகிறது. வீடு பார்க்குமுன் ஆபீஸில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிற ஆளிடம் "பஸ் எங்கெங்கே நிற்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அந்த ஆள் என் மேசைக்கு நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார்!

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் சேர்த்து 16,800 திர்ஹாம் ரொக்கமாகக் கொடுத்தேன். அவர் ஒரு ஒப்பந்தத்தாள் கொடுத்தார். அதில் வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவர் பெயர், கீழே கையெழுத்து. ஈஜாரி எப்போது என்று கேட்டேன். ஈஜாரி என்பது வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வது, நம் ஊர்ப் பத்திரப் பதிவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "ஓனர் வெளிநாட்டுல இருக்கார், வந்ததும் போட்டுடலாம். அவசரம் இல்ல தம்பி" என்றார். தேவா கணக்கும் தன் பெயரிலேயே இருக்கட்டும், பில் பணத்தை மாதாமாதம் தன்னிடம் கொடுத்தால் போதும் என்றார். 2,000 டெபாசிட் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரி கடைசியில் எமிரேட்ஸ் ஐடி கையில் வந்ததும் மனைவிக்கும் மகளுக்கும் விசா எடுக்க அமர் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது ஈஜாரியைத்தான். நான் ஒப்பந்தத்தாளை நீட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்காமல் தள்ளி வைத்துவிட்டார். ஈஜாரி இல்லாமல் குடும்ப விசா நகராது. மார்ச் 20க்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்ற 900 திர்ஹாம் ஆனது.

அவருக்குப் போன் செய்தால், "அடுத்த வாரம், அடுத்த வாரம்". ரமலான் தொடங்கியதும், "நோன்பு மாசம், எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்". அந்த மாதம் ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தால் வீடு இருட்டு. மற்ற வீடுகளில் விளக்கு எரிகிறது. வாட்ச்மேன், இங்கே நாத்தூர் என்பார்கள், தலையைச் சொறிந்துகொண்டு, தேவா ஆள் வந்து பிடுங்கிவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் மாதாமாதம் கொடுத்த பில் பணம் கட்டப்படவே இல்லை. பழைய பாக்கி வேறு. 1,150 திர்ஹாமை இன்னொருவர் கணக்கில் நானே கட்டிக் கரண்டை வாங்கினேன்.

பெருநாள் முடிந்து ஏப்ரல் இரண்டாம் வாரம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முழுக்க அரபி. எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும்தான்: வீட்டு எண்ணும் ஒரு தேதியும். அந்தத் தேதி முந்தின வருஷம் டிசம்பர். கம்பெனியில் ஒரு எகிப்துக்காரரிடம் படம் எடுத்துக் காட்டினேன். வாடகைத் தகராறு மையத்தில் வீட்டின் உண்மையான உரிமையாளர் போட்ட வழக்கு. அக்டோபரிலிருந்து வாடகை பாக்கி, இரண்டு செக் திரும்பியிருக்கிறது, வீட்டைக் காலி செய்து தர வேண்டும். அதாவது நான் விமானம் ஏறுமுன்பே அந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷர் எல்லாம் தெரிந்தே எனக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறார்.

ஓனரின் ஆள் வந்தார். நல்ல மனிதர். நான் கொடுத்த பணத்தில் ஒரு திர்ஹாம்கூட அவர்களுக்குப் போகவில்லை என்றாலும், மாதக் கடைசி வரை இருந்துகொள்ளச் சொன்னார். "நீ இங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்று ஹிந்தியில் சொன்னபோது எனக்குத் தரையில் உட்காரலாம் போலிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் இருவரையும் வெளியேற்றலாம். உள்வாடகைக்கு வந்தவர் தன்னை வைத்தவரிடம் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிச்சம். கேட்கலாம்தான். ஆனால் வழக்குக் கட்டணம் வருஷ வாடகையில் 3.5 சதவீதம், என் கணக்குக்கு 1,764. திரும்பி வர வேண்டிய டெபாசிட் 4,200. நான் கொடுத்தது ரொக்கம், ரசீதில் அவர் எழுதியிருந்த ஐடி எண் சரியானதுதானா என்றுகூடத் தெரியாது. போன் அணைந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு யாரைத் தேடுவது? விட்டுவிட்டேன். சாமான் ஏற்றி இறக்கிய 600ஐயும் சேர்த்துத்தான் அந்த 6,850.

மே மாதம் அல் ரிக்காவில் ஒரு பார்ட்டிஷனில், அதாவது பலகை வைத்துத் தடுத்த அறையில், பெட் ஸ்பேஸ்: ஒரு கட்டிலுக்கு மட்டும் இடம். பலகை தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் நான் எழுந்துவிடுவேன். ஜூன் முதல் தேதி அங்கிருந்து கிளம்பினேன். அந்த மாதமே மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் சட்டவிரோதத் தடுப்பு அறைகளை இடிக்கத் தொடங்கிவிட்டது. என்னுடன் இருந்தவர்கள் ஒரே ராத்திரியில் பெட்டியைத் தூக்கினார்கள். ஆகவே, மலிவாக இருக்கிறது, தற்காலிகம்தானே என்று பார்ட்டிஷனுக்குக் குடும்பத்தைக் கூட்டி வர யோசிக்கிறவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

இப்போது டிஸ்கவரி கார்டன்ஸில் இருக்கிறோம். ஒரு பெட்ரூம் கட்டுப்படியாகாது, ஸ்டூடியோதான், தனிப் படுக்கையறை இல்லாத ஒரே அறை. மூன்று பேருக்கு இடுக்கம். ஆனால் ஐந்தே முக்காலுக்கு யாரும் ஹாரன் அடிப்பதில்லை. இந்தத் தடவை பணம் கொடுக்குமுன் அரசின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்த்தேன். பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஓனரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். செக்கை அந்தப் பெயருக்கே எழுதினேன். கையெழுத்தான இரண்டாம் நாள் ஈஜாரி வந்தது, ஏறக்குறைய 220 திர்ஹாம் செலவு. விளம்பரத்தில் கியூஆர் கோடு இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் அரசு அனுமதி எண் வரும். வராவிட்டால் அந்த ஏஜென்டிடம் பேசவே வேண்டாம். வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை காலையில் போகாதீர்கள். வேலை நாளில், இருட்டிய பிறகு, நீங்கள் தினமும் வரப்போகிற அதே பஸ்ஸில், அதே மெட்ரோவில் போங்கள். போனதும் ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் நில்லுங்கள்.

பக்கத்து ஷார்ஜாவுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாடகை மலிவு, மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து துபாய்க்கு வரும் அல் இத்திஹாத் ரோட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2024 ஏப்ரல் 16 மழையில் மஜாஸ், காசிமியா பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை அங்கே இருந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் இன்னும் தொழிலில்தான் இருக்கிறார். போன வாரம் வேறொரு குழுவில் ஒரு பதிவு, வேறு போன் எண். இந்த முறை அல் நஹ்தா, ஒரு பெட்ரூம், குடும்பத்துக்கு மட்டும், செக் தேவையில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் பழைய இன்டர்நேஷனல் சிட்டி ஹால். சுவரில், உறையூர் எண்ணெய்க் கடையில் வாங்கி வந்து நான் மாட்டிய மாதக் காலண்டர், பிப்ரவரி தாளோடு அப்படியே தொங்குகிறது.