'வித்தவுட் யூ': பேட்ஃபிங்கரா, நில்சனா?

பீட் ஹாம் எழுதிய சரணமும் டாம் எவன்ஸ் எழுதிய பல்லவியும் ஒட்டிப் பிறந்த ஆங்கிலப் பாட்டு 'வித்தவுட் யூ'. அவர்களுடைய பிரிட்டிஷ் ராக் குழு பேட்ஃபிங்கர் அதை 1970இல் 'நோ டைஸ்' ஆல்பத்தில் பாடியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதைச் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாகக்கூட வெளியிடவில்லை.

அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் அதைப் பாடினார். 1972இல் அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். கிராமி விருதும் கிடைத்தது.

காரணம் காதிலேயே தெரிகிறது. பேட்ஃபிங்கர் கிதாரும் டிரம்ஸுமாக, ஒரு ராக் குழுவுக்கே உரிய அடக்கத்தோடு பாடுகிறது. பல்லவி வந்தும் குரல் அதிகம் உயர்வதில்லை. நில்சன் பியானோவோடு தனியாகத் தொடங்குகிறார். வயலின்கள் மெல்லச் சேர, பல்லவியில் குரல் உச்சஸ்தாயிக்குத் தாவும்போது நெஞ்சு அடைத்துவிடும்.

பல்லவிக்கு நில்சன்தான். ஆனால் சரணத்தில் ஹாமின் குரலில் இருக்கும் அந்தத் தயக்கம் எனக்கு இன்னும் நெருக்கம். எழுதிய இருவருமே பின்னாளில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள்.