ஓசூர் பக்கம் விமான பாடி வேலை கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

சொந்தமாகக் கட்டிய இரண்டு சீட் விமானம். காக்பிட் அகலம் 38 அங்குலம். தோளோடு தோள் இடிக்கிறது என்று 40 ஆக்க ஓசூர் பக்கம் ஒரு ஷீட் மெட்டல் பட்டறைக்குப் போனது. இப்போது தோள் இடிக்காது, ஆனால் பறக்கவும் முடியாது. பஸ் பாடிக்குக் கெட்டிக்காரப் பட்டறைதான். பெயர் போடவில்லை.

முதல் கோளாறு தகடு. கேட்டது 2024-டி3 ஆல்கிளாட் (இரு பக்கமும் தூய அலுமினியம் பூசிய, விமானத்துக்கான அலுமினியக் கலவைத் தகடு), 0.81 மி.மீ. கனம். பில்லிலும் அதே எண். தகட்டில் மட்டும் ஆலை அச்சு எங்கும் இல்லை. "பாலிஷ்ல அழிஞ்சிருக்கும்ணே, அலுமினியம்னா அலுமினியம்தானே" என்று பதில். வெட்டு விளிம்பில் 10 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு வைத்தால் குட்டு வெளிப்படும் (கையுறை, கண்ணாடி கட்டாயம்). 2024-இல் சுமார் 4 சதவீதம் செம்பு இருப்பதால் கறுக்கும். ஆல்கிளாட் என்றால் நடுவில் கறுப்புக் கோடு, இரு ஓரமும் வெள்ளை. இந்தத் தகடு கடைசிவரை வெளுப்பாகவே இருந்தது. ஃபிரேம் மடிப்பெல்லாம் கத்தி மாதிரி இருந்ததே, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அசல் 2024-டி3-க்கு இந்தக் கனத்தில் உள்வளைவு 3 மி.மீ. ஆரமாவது வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கீறல் விடும்.

அடுத்தது துளை. 1/8 அங்குல ரிவெட்டுக்குத் துளையின் மையம் விளிம்பிலிருந்து 6.4 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இங்கே பல இடத்தில் 4 கூட இல்லை. அகலப்படுத்தியதில் பழைய துளையும் புதியதும் சேராமல், இழுத்துத் துளைத்து எட்டு வடிவமாக்கிவிட்டார்கள். வட்டமாகப் பெருத்த துளையை அடுத்த அளவான 5/32 அங்குல ரிவெட் போட்டுக் காப்பாற்றலாம். எட்டைக் காப்பாற்ற வழியில்லை. ரிவெட்டும் கடையில் கிடைக்கும் பாப் ரிவெட். விமானத்துக்குப் போடும் ஏடி வகை சாலிட் ரிவெட் (அடித்துப் பதிக்கும் கெட்டி ரிவெட்) என்றால் தலை நடுவில் சின்னக் குழி இருக்கும், பார்த்தாலே தெரியும்.

போல்ட் 8.8 தரம் (போல்ட்டின் பலத்தைக் காட்டும் எண்). பலம் கிட்டத்தட்ட விமானத்துக்கான ஏஎன் போல்ட் அளவுதான். ஆனால் முழு நீளமும் மரை. துளைக்குள் வழவழப்பான தண்டு உட்கார வேண்டிய இடத்தில் மரை உட்கார்ந்தால் துளையை அரித்துத் தளர்த்திவிடும்.

பென்சில் கோடுகள் வேறு! கிராஃபைட் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும். ஸ்கெட்ச் பேனாதான் சரி.

கொடுப்பதாக இருந்தால் தகட்டை ஆலைச் சான்றிதழோடு நீங்களே வாங்கி, மடிப்பு வேலையை மட்டும் கொடுங்கள். வெட்டு மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள், சொட்டு வைத்துப் பார்க்க அதுதான் வேண்டும். துளையும் ரிவெட்டும் பட்டறைக்கு வேண்டாம்.