பழைய தோல் ஸ்பீடு பேக்கின் மேல் மெஷினை ஓட விடாதீர்கள்

ஸ்பீடு பேக் என்பது குத்துச்சண்டைப் பயிற்சிக்காக ஒரு பலகைக்கு அடியில் தொங்கவிட்டு வேகமாகக் குத்தும் சிறிய காற்றுப் பை. என்னுடையதில் கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு தையல் வரி. அதில் 10 செ.மீ. நீளத்துக்கு நூல் தேய்ந்து விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான் பழுது. தோல் உறுதியாக இருந்தது. உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பையான பிளாடரில் காற்றும் இறங்கவில்லை. தோல் வேலை செய்யும் கடையில், "பழைய தையல் மாதிரியே கையால் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த பையை மூன்று நாள் குத்தியதும் புதுத் தையலை ஒட்டியே தோல் நீளவாக்கில் கிழிந்தது. இனி அதைத் தைக்க வழியில்லை. கிழிந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நடந்தது முழுவதும் தெரிகிறது.

முதல் குற்றம் மெஷின். ஸ்பீடு பேக்கை உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைத்து, பிறகு லேஸ் வாய் (பிளாடரை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டும் திறப்பு) வழியாகத் திருப்புவார்கள். இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தோல் பட்டையும் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். அதனால் நூல் உள்ளே ஒளிந்திருக்கும். கை அதன் மேல் படாது, பலகையும் படாது. இங்கே அந்த ஓரத்தை வெளியே தட்டையாக அமுக்கி, செருப்புத் தைக்கும் மெஷினை மேலேயே ஓட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு குத்தும் நேராக நூலிலேயே விழுகிறது.

நூல் போனால்கூட மாற்றிவிடலாம், துளை போனால் போனதுதான். பழைய துளைகள் 4 மி.மீ. இடைவெளியில், 10 செ.மீ.க்கு 25. அவற்றை விட்டுவிட்டு, 2 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. இடைவெளியில் 50 துளைகள் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். தோலுக்கான மெஷின் ஊசியின் முனை கத்தி போன்றது. தோலை விலக்காது, வெட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரி வெட்டு விழுந்தால் தபால்தலைத் தாளின் ஓரம் மாதிரிதான், இழுத்தால் வரியோடு கிழியும்.

அடுத்தது வடிவம். ஓரத்தை மடித்துத் தைத்ததில் இரு பக்கமும் 4 மி.மீ. போனது, மொத்தம் 8 மி.மீ., அதுவும் ஒரே வரியில். பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நேராகக் குத்தினால் பை முதலில் எதிர்ப்பக்கம், பிறகு நம் பக்கம், மறுபடி எதிர்ப்பக்கம் என்று மூன்று முறை பலகையில் பட்டு ஒரே கோட்டில் வர வேண்டும். இது இரண்டாவது அடியிலேயே வட்டமடித்தது. இப்படி ஆனால் பலரும், பையைப் பலகையில் மாட்டும் சுழல் கொக்கியான ஸ்விவலைத்தான் சந்தேகப்படுவார்கள். புது ஸ்விவல் வாங்குமுன் தையல் வரிகளுக்கு நடுவே உள்ள தோலின் அகலத்தை அளந்து பாருங்கள்.

தையலுக்கு அடியில் உடனே ஒட்டும் பசை வேறு. அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும். தோல் வளையும், பசை வளையாது; பசை முடியும் விளிம்பில் விரிசல் விழும். பிளாடரை வெளியே எடுக்காமலே தைத்ததால் ஊசி அதிலும் இறங்கியிருக்கிறது. அதன் மேல் சைக்கிள் பஞ்சர் ஒட்டு. கேட்டதற்கு, "முன்னாடியே காற்று போய்க்கொண்டிருந்தது" என்றார்கள்.

இதே வேலையைச் சரியாகச் செய்ய இரண்டு மணி நேரம் போதும். லேஸை அவிழ்த்து, காற்றை இறக்கி, பிளாடரை எடுத்துவிட வேண்டும். உள்தோலை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் தோலே மக்கிவிட்டது, எந்த நூலும் நிற்காது. தூள் இல்லையென்றால், ஈரத் துணியால் அந்தப் பகுதியை லேசாக நனைத்து, லேஸ் வாய் வழியாகக் கழுத்துப் பகுதியை மட்டும் உள்வெளியாக இழுக்கலாம். காய்ந்த தோலைத் திருப்பினால் மடிப்பில் வெடிக்கும். எண்ணெயில் ஊறவைப்பது அதைவிட மோசம்; நார் தளர்ந்து துளைகள் அகன்றுவிடும்.

நூல், மெழுகிட்ட பாலியெஸ்டர், 0.8 மி.மீ. பருத்தி நூல் வியர்வையில் மக்கும். ஒரே நூலின் இரு முனையிலும் மொட்டை முனை ஊசி கோக்க வேண்டும். துளைகள் ஏற்கெனவே இருப்பதால் கூர் தேவையில்லை. கூர் ஊசி பக்கத்துத் தோலைக் கீறிவிடும்.  விட்டுப்போன இடத்துக்கு இரு பக்கமும் நல்ல தையலின் மேல் மூன்று நான்கு துளை ஏறி ஆரம்பித்து, அதேபோல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும்; மெஷின் தையலில் அந்தப் பிடிப்பு இல்லை. நடுப்பட்டையின் துளையும் நேராக வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், பெரும்பாலும் இங்கேதான் தப்பும். ரொம்ப இறுக்கி இழுத்தாலும் நூல் தோலை அறுக்கும். கடைசியில் மூன்று துளை பின்னோக்கி வந்து, நுனிகளை நடுப்பட்டைக்கு அடியில் செருகிவிடுங்கள். நெருப்பில் உருக்கினால் கெட்டியான முனை பிளாடரை உரசிக்கொண்டே இருக்கும்.

துளை இரண்டு மூன்று கிழிந்திருந்தால், உள்ளே 1 மி.மீ. தடிப்பில் 15 மி.மீ. அகலத் தோல் பட்டையை வளையும் பசையால் ஒட்டி, பழைய துளைகள் வழியாகவே குத்தூசி போடலாம்.

நன்றாக உலர்ந்ததும் பிளாடரில் டால்கம் தூள் தடவி உள்ளே வைத்து, லேஸ் கட்டி, பாதி காற்றில் ஓர் இரவு தொங்கவிட்டுப் பிறகு மீதியை அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கல் மாதிரி அடித்தால் அந்த விசை முழுவதும் புதுத் தையல் மேல்தான் வரும்.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் இரண்டே கேள்வி: பழைய துளையிலா, உள்பக்கமா? "வெளியே ஒரு ஓட்டு ஓட்டினால் போதும்" என்று பதில் வந்தால் பையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சரியான பதில் வந்தாலும், கிழிந்த வரியைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு, வெறும் தோலை மட்டும் கொடுங்கள். பிளாடர் வீட்டிலேயே இருக்கட்டும்.