7 வருஷ சப்வூஃபரும் 'நல்லா இருக்கு'ன்னு சொன்ன மீட்டரும்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், உன்கிட்ட இருக்கற அதே சப்வூஃபர், அதான் பேஸுக்குன்னே வர்ற ஸ்பீக்கர் பாக்ஸ், பழசு ஒண்ணு விலைக்கு வருதுடா, நீதான் 7 வருஷமா வச்சிருக்கியே, எடுக்கலாமான்னு. 8 இன்ச் டிரைவர் (பாக்ஸுக்குள்ள சத்தம் போடற ஸ்பீக்கர்), 4 ஓம், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே இருக்கு, இதெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்கு இதுல ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் ஆறல, அத சொல்லிடுறேன்.

அஞ்சாவது வருஷம் ஆரம்பிச்சது. சத்தம் கம்மியா வச்சா ஒரு குறையும் இல்ல. கொஞ்சம் ஏத்தினா, அதுவும் பேஸ் நல்லா இறங்கி அடிக்கிற இடத்துல, டப்புனு கட் ஆகி கரகரன்னு ஒரு சத்தம், அடுத்த செகண்டே பழையபடி பாட ஆரம்பிச்சிடும். சர்வீசுக்கு குடுத்தேன், ஆம்ப் போர்டு போச்சுன்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து போட்டா அதே டப், அதே கரகர. டிரைவர கழட்டி கையில எடுத்துக்கூட பாக்காம போர்டு மேல பழி போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ வந்த கோபம் இன்னும் போகல.

அப்புறம் நானே ஸ்க்ரூவ கழட்டினேன். முதல்ல மூக்க வச்சு மோந்து பாத்தேன், காயில், அதான் காந்தத்துக்குள்ள ஆடற கம்பிச் சுருள், எரிஞ்சிருந்தா ஒரு கருகல் வாடை இருக்கும், அது இல்ல. ரெண்டு கை விரலயும் கோன்ல, அதான் முன்னாடி ஆடற கூம்புல, சுத்தி சமமா வச்சு மெதுவா அழுத்தினேன், உள்ள உரசற சத்தம் இல்ல, அப்போ காயில் காந்தத்துல தேய்க்கல. ஆம்ப் ஒயர கழட்டிட்டு மல்டிமீட்டர் வச்சா 3.4 ஓம். 4 ஓம் டிரைவர்னா மீட்டர்ல அதவிட கொஞ்சம் கம்மியாதான் காட்டும், சரியான அளவுதான். 1.5 வோல்ட் பேட்டரிய தொட்டா கோன் டக்குனு குதிக்குது. எல்லாத்துலயும் பாஸ். இங்கதான் நிறைய பேர் டிரைவர் நல்லா இருக்குன்னு மூடிடுவாங்க, நானும் ரெண்டு தடவ மூடினேன்.

மூணாவது தடவதான் உறைச்சது, நான் டெஸ்ட் பண்றப்போ கோன் சும்மா நிக்குது, பிரச்சன வர்றதோ அது நல்லா ஆடும்போது. மீட்டர மாட்டிட்டே கோன உள்ள தள்ளினேன். தள்ளும்போது நம்பர் கன்னாபின்னான்னு ஆடும், அத நம்பக்கூடாது, காயில் காந்தத்துக்குள்ள நகர்ந்தாலே கரண்ட் உண்டாகி மீட்டர குழப்பும். தள்ளி, அசையாம பிடிச்சு, அப்போ பாக்கணும். பிடிச்சேன், மீட்டர் ஓப்பன் காட்டுது, அதாவது இணைப்பே அறுந்த மாதிரி, விட்டா திரும்ப 3.4. டெர்மினல்லேர்ந்து கோனுக்கு போற பின்னல் ஒயர் இருக்குல்ல, அது கோன்ல ஒட்டியிருக்கிற பசைக்கு பக்கத்துல உள்ளுக்குள்ள அறுந்து, சும்மா இருக்கும்போது முனையும் முனையும் தொட்டுட்டு இருந்திருக்கு.

அந்த ஒயர இறுக்கமா, அந்த இடத்துலயே மடங்கற மாதிரி வச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் நீளம் விட்டு வளைச்சு குடுத்திருந்தா இது நடந்திருக்காது, இவ்ளோ நல்லா செஞ்ச பொருள்ல இத மட்டும் ஏன் யோசிக்கலன்னு இன்னிக்கும் எரிச்சலா வருது. மாத்தும்போது சாதா ஒயர் போடாதீங்க, ஆடி ஆடி சீக்கிரமே உடஞ்சிடும், ஸ்பீக்கருக்குன்னே வர்ற பின்னல் ஒயர்தான் வேணும். பத்தவைக்கிற ஈயமும் ரொம்ப நேரம் காய்ச்சக்கூடாது, பின்னலுக்குள்ள ஏறி கம்பி மாதிரி விறைச்சிடும், அப்புறம் அந்த விறைப்பு முடியற இடத்துல அறும். முழுசா முன்னாடி வந்தாலும் இழுக்காம, உள்ள போனாலும் கோன்ல அடிக்காம இருக்கற நீளம் பாத்து வச்சேன். ரெண்டு பக்கமும் மாத்திட்டேன், ஒண்ணு அறுந்தா இன்னொண்ணும் அதே வயசுதானே.

மத்தபடி நியாயமா சொன்னா குறையே சொல்ல முடியாது. ஓரத்து ரப்பர் 7 வருஷத்துல ஒரு விரிசல் விடல, பாக்ஸ் எங்கயும் அதிரல, ஒயர் மாத்தின அன்னிக்கு கேட்ட பேஸ் இருக்கே, நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துச்சு, ராத்திரி பூரா அத விட்டு எழுந்திரிக்கவே மனசில்ல.

ஆனா ஃப்ரெண்டுகிட்ட வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டு வருஷம் அந்த டப் சத்தத்தோட இருந்தவன் நான், இன்னொருத்தன அதுல மாட்டிவிட மனசு வரல. அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு சொன்னான், சரி, அப்போ மீட்டர எடுத்துட்டு நானும் கூட வர்றேன், கோன தள்ளிப் பிடிச்சு பாத்துட்டு மீதிய குடுன்னு சொல்லியிருக்கேன்.