இ-டெண்டர்: எக்செல் ஃபைலைத் தவிர எல்லாம் நலம்

அரசு இ-டெண்டர் தளத்தில் டெண்டர் போடத் தேவைப்படும் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி) காலாவதியாகி, போன வாரம்தான் புதுப்பித்தேன். கிளாஸ் 3, சைனிங்கும் என்கிரிப்ஷனும் சேர்த்து. அதைக் கேள்விப்பட்டு, எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பக்கத்து ஷெட்டில் ரேக் செய்யும் தம்பி வந்து, "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கட்டுமா? கவர்மென்ட் டெண்டர் கெடைச்சா வருஷம் முழுக்க வேலை இருக்கும்ல?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அம்பத்தூரில் ஸ்டீல் ஃபர்னிச்சர் செய்கிறேன். பள்ளி பெஞ்ச், ஆபீஸ் பீரோ, லாக்கர் மாதிரி. ரெண்டு கவர் முறை (தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று), ஈஎம்டி (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை), எல்1 (குறைந்த விலை போட்டவர்) எல்லாவற்றையும் விரிவாக விளக்கப் போவதில்லை. டெண்டர் போட நினைப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அந்த பிஓக்யூ எக்செல் ஃபைல், அதாவது நம் விலையை நிரப்பும் பட்டியல்.

விலையை நேராகத் தளத்திலேயே அடித்துவிட்டுப் போக முடியாது. ஃபைலை இறக்க வேண்டும், மேக்ரோவை (ஃபைலுக்குள்ளேயே ஓடும் குட்டி புரோகிராம்) அனுமதிக்க வேண்டும், திறந்து வைத்திருக்கும் கட்டங்களில் மட்டும் கம்பெனி பெயரையும் ரேட்டையும் நிரப்ப வேண்டும், ஃபைல் பெயரில் ஓர் எழுத்தும் மாறாமல் திரும்ப ஏற்ற வேண்டும். இந்தப் பெயர் விஷயம் இருக்கிறதே! ஒரே ஃபைலை ரெண்டாவது தடவை இறக்கினால் பிரவுசர் தானாகவே பின்னால் ஒரு '1' ஒட்டிவிடும். அதை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், தளம் கவனிக்கும். நடுவில் கொரிஜெண்டம் (திருத்த அறிவிப்பு) போட்டு பிஓக்யூவை மாற்றினார்கள் என்றால் பழைய ஃபைல் குப்பை, மறுபடி முதலிலிருந்து. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அந்த மேக்ரோ ஒழுங்காக ஓடாது. அதனால் இதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் ஜாவாவும் போட்டு, அப்டேட் எதுவும் பண்ணாமல், யாரையும் தொட விடாமல் வைத்திருக்கிறேன். எங்கள் ஆபீஸில் அந்த மெஷினுக்கு சாமி ரூம் மரியாதை.

எல்லாம் ஏற்றியாச்சு என்று எழுந்துவிடக் கூடாது. கடைசியில் ஒரு 'ஃப்ரீஸ்' பட்டன் இருக்கும். அதை அழுத்தி, பிட் ஐடியும் நேரமும் போட்ட ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. நேரமும் உங்கள் வாட்ச் நேரம் இல்லை, சர்வர் நேரம். 3 மணி என்றால் 3 மணி.

இவ்வளவு திட்டிய பிறகு ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஃபைல் கூட்டலில் தப்பு பண்ணுவதே இல்லை. காகிதக் காலத்தில் எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு தொகை என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எழுத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் செல்லும், அதில் தொழிலே ஆட்டம் கண்டுவிடும். இப்போது ரேட்டை அடித்தால் மொத்தத்தை மேக்ரோவே எழுத்தில் எழுதிவிடுகிறது.

எதிர்பாராத சந்தோஷம் வேறு இடத்தில் இருந்தது: விலைக் கவர் திறக்கும் நாள். டெண்டர் பெட்டி காலத்தில், உள்ளே கவர் போடுவதே ஒரு சாமர்த்தியம். பெட்டிப் பக்கம் போக விடாமல் ஆட்கள் நிற்பார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது ஷெட்டில் உட்கார்ந்தபடியே யார் யார் என்ன ரேட் போட்டார்கள் என்று பார்க்கலாம். தோற்றவனுக்கும் எவ்வளவில் தோற்றோம் என்று தெரிகிறது. கோயம்புத்தூர்க்காரர் அதே பெஞ்சை என்னை விடக் குறைவாக எப்படிக் கொடுக்கிறார் என்று யோசித்து யோசித்தே நான் தகடு வாங்கும் இடத்தை மாற்றினேன். எந்த கன்சல்டன்டும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம். 2000-ல் அதன் விதிகள் வந்தன. 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். முடிவு தப்பு என்று தோன்றினால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். படித்துப் பாருங்கள், நல்ல சட்டம்.

ஆனால் ஆட்டம் அங்கே இல்லை. கவர் திறப்பதற்கு முன்பே ஸ்பெசிஃபிகேஷனில் பாதி முடிந்துவிடுகிறது. தகடு இத்தனை மில்லிமீட்டர், இதே மாதிரி வேலை கடந்த 3 வருஷத்தில் இவ்வளவு தொகைக்குச் செய்திருக்க வேண்டும், டர்ன்ஓவர் இவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் யாரையாவது வெளியே தள்ளுகிறது. எல்லாமே சதி என்று சொல்லவில்லை. போன டெண்டரை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியதுதான் பல இடங்களில் நடக்கிறது. அதனால் டெண்டர் போடுவதற்கு முன் துறை நடத்தும் ப்ரீ-பிட் கூட்டத்துக்குப் போய் எழுத்தில் கேள்வி கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

தம்பி பாதி சரக்கைச் செய்கிறார், பாதியை வாங்கி விற்கிறார். அவருக்கு இது முக்கியம்: மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி ஈஎம்டி விலக்கும், எல்1-ஐ விட 15 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு வாங்கும் வாய்ப்பும் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. டிரேடருக்கு இல்லை. உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவு) இருக்கிறதே என்று காட்டினாலும் நடக்காது.

அப்புறம் பணம். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய சட்டப்படி பில் பணம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பாக்கிக்கென்றே இருக்கும் சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம், அதை ஒரு கவுன்சில் விசாரிக்கும். அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைக்கும் துறை, தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மத்திய அரசின் ஆன்லைன் கொள்முதல் தளமான ஜெம்மில் சரக்கை ஏற்றுக்கொண்ட சான்று வந்து 10 நாளில் பணம் என்று விதி. எல்லாம் சரி. ஒரு துறைக்குப் பெஞ்ச் இறக்கிய பில் எனக்கு அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கிய பிறகுதான் பாஸ் ஆனது. "ஃபண்ட் வரல சார்," அவ்வளவுதான் பதில். நான் வட்டி கேட்கவில்லை. அடுத்த டெண்டரும் அதே மேஜையிலிருந்துதான் வரும். அந்த மாதங்களில் தகடு வியாபாரிக்கு நான் கட்டிய வட்டி, அந்த ஆர்டரில் கிடைத்த லாபத்தை விட அதிகம்.

தளத்துக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் தாராளமாகக் கொடுப்பேன். ஒரு ஸ்டார் அந்த எக்செல்லுக்காகக் குறைத்தது. ஆனால் தம்பியிடம் டோக்கன் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பேங்க் ஓவர்டிராஃப்ட் லிமிட் ஏற்கெனவே கழுத்து வரை இருப்பவர் அவர். ஒரு பெரிய பில் ஆறு மாதம் நின்றால் ஷெட் வாடகை நிற்கும். "நீங்க மட்டும் ரினியூ பண்ணிருக்கீங்களேண்ணா?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு லாக்கர் டெண்டர் முடிகிறது, நல்ல அளவு, ஸ்பெக்கும் நமக்குத் தோதாக இருக்கிறது. விடச் சொல்கிறீர்களா?